தலைதட்டிய படியும் குவித்த படியும்
நம் பிள்ளைகளுக்குக் கணக்கை எங்கிருந்து தொடங்கலாம்?



தானியத்தைக் கிலோவில் நிறுக்கும் காலம் வந்து வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் படியால் அளக்கும் பழக்கம் நம் பக்கத்தில் முற்றாகப் போய்விடவில்லை. படியால் அளப்பதில் இரண்டு விதம் உண்டு. படியின் வாய்க்கு மேலே கோபுரம்போல் நிற்கும் வரை கொட்டுவது ஒன்று. மேலே நிற்பதைக் கையால் வழித்துத் தள்ளிவிடுவது மற்றொன்று. முதலாவது குவித்த படி, இரண்டாவது தலைதட்டிய படி. மலையிலிருந்து இறங்கி வரும் சாமையை வாங்கும்போது குவித்தும், அதையே விற்கும்போது தலைதட்டியும் அளந்த வியாபாரிகளின் கதை அடிவாரத்து ஊர்களில் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது.

குர்ஆனின் 83-வது அத்தியாயமான சூரத்துல் முதஃப்பிஃபீன் எதைச் சொல்லித் தொடங்குகிறது என்று பாருங்கள். மற்றவரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, தாம் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்துவிடுபவர்களுக்குக் கேடு உண்டு என்ற எச்சரிக்கையோடு தொடங்குகிறது. மத்யன் மக்களிடம் ஷுஐப் நபி (அலை) ஓரிறைக் கொள்கைக்கு அடுத்தபடியாகச் சொன்னதும் அளவையும் நிறுவையையும் பற்றித்தான். அம்ம ஜுஸ்வு ஓதும் பிள்ளைகள் மக்தபில் இந்த சூராவை மனப்பாடம் செய்கிறார்கள். அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் கூம்பின் கன அளவு என்று ஒரு பாடம் படிக்கிறார்கள். ஃபஜ்ருக்குப் பின் ஓதியதும் பதினொரு மணிக்குப் பள்ளியில் படித்ததும் ஒரே விஷயம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதைச் சொல்வதற்காக எழுதப்பட்டது.

ஒரு படியை எடுத்துக்கொள்வோம். வாய் 12 செ.மீ. அகலம், உயரம் 14 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் தானியம் 3 செ.மீ. உயரத்துக்குக் குவிந்து நிற்கிறது. அந்தக் குவியல் ஒரு கூம்பு. கூம்பின் கன அளவு, அதே வாயும் அதே உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, 3 செ.மீ. குவியலில் உள்ள தானியம் படிக்குள் 1 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தானியத்துக்குச் சமம். படியின் உயரமோ 14 செ.மீ. அப்படியானால் குவித்து அளக்கும் ஒவ்வொரு படியிலும் பதினான்கில் ஒரு பங்கு கூடுதலாகப் போகிறது. 14 படி என்று சொல்லி வாங்கியவர் உண்மையில் 15 படி கொண்டுபோகிறார். 56 படி விற்ற மலைக்காரர் 4 படியை விலையில்லாமல் கொடுத்துவிட்டு மலையேறுகிறார்.

இதற்கு "பை" மதிப்பு தேவைப்படவில்லை, பெருக்கல் அட்டை தேவைப்படவில்லை. கூம்புக்கும் உருளைக்கும் உள்ள உறவு ஒன்று மட்டும் போதும். அதையும் சூத்திரமாகத் தரவேண்டியதில்லை. தடித்த காகிதத்தில் ஒரு கூம்பு, அதே வாயும் உயரமும் உள்ள ஓர் உருளை செய்து, கூம்பால் மூன்று முறை சாமையைக் கொட்டி உருளை நிறைவதைப் பிள்ளை தன் கையால் பார்க்கட்டும். அப்படிப் பார்த்த பிள்ளை பொதுத்தேர்வில் அந்த மூன்றில் ஒன்றை மறக்காது.

ஜவ்வாது மலையை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், நம் குடும்பங்களுக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு பழையது. மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரிலும் புதூர் நாட்டிலும் நெல்லிவாசலிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் விளைவிக்கும் சாமை, சேகரிக்கும் புளி, தேன், கடுக்காய் எல்லாம் அடிவாரத்துக் கடைகளுக்குத்தான் இறங்கி வந்தன. கடுக்காய்க்கும் நம்மவர்களுக்கும் இன்னும் நெருங்கிய தொடர்பு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு வட்டாரத்துத் தோல் தொழிலில், குரோம் பதனிடுதல் பரவுவதற்கு முன்பு, ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. காட்டில் பொறுக்கிய கடுக்காய்க்கு அடிவாரத்தில் விலை சொன்னவர்களில் நம் "பாய்"மாரும் இருந்தார்கள். நியாயமாக நிறுத்தவர்கள் ஏராளம். எல்லாரும் அப்படி என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. இதை நம் பத்திரிகையில் எழுதலாமா என்று தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் சூரா நம்மைப் பார்த்தும்தானே பேசுகிறது.

கணக்குத் தெரியாதவர் ஏமாறுகிறார் என்பது பாதி உண்மைதான். கணக்குத் தெரிந்தும் அதைக் கேட்க வாயில்லாதவர் ஏமாறுகிறார் என்பது மீதிப் பாதி. ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கணக்கில் இரண்டும் இருக்கவேண்டும்: தன் பங்கைக் கேட்பதற்கான கணக்கும், அடுத்தவர் பங்கை விட்டுக்கொடுப்பதற்கான கணக்கும்.

சந்தையில் தெரியும், தாளில் தெரியாது

"என் மகனுக்குக் கணக்கு வராது" என்று நம் தாய்மார்கள் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். அந்த மகன் மாலையில் அத்தாவின் கடையில் நின்று, முக்கால் கிலோ வெங்காயத்துக்கும் கால் கிலோ தக்காளிக்கும் விலை போட்டு, 200 ரூபாய்க்கு மீதியும் சரியாகத் தருகிறான். அவனுக்குக் கணக்கு வருகிறது. தாளில்தான் வரவில்லை.

இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு, டெல்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்து, 2025-ல் நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வியாபாரத்தில் சிக்கலான கணக்குகளை மனத்திலேயே சரியாகப் போட்டார்கள். அதே அளவு கடினமான, சில சமயம் அதைவிட எளிதான கணக்கைப் பள்ளித் தாளில் இருப்பதுபோல் வெறும் எண்களாகக் கொடுத்தபோது தடுமாறினார்கள். மறுபக்கமும் உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகள் எளிய தாள் கணக்கை நன்றாகப் போட்டார்கள். ஆனால் வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகச் சொன்ன ஒரு சந்தைக் கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவரால்தான் சொல்ல முடிந்தது. அதாவது இரு தரப்பும் பாதி கணக்கோடு நிற்கின்றன. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பலாம் என்பது இதன் பொருள் அல்ல. பள்ளியும் சந்தையும் ஒன்றோடொன்று பேசவில்லை என்பதுதான் பொருள்.

மும்பை தாராவியிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த அரிந்தம் போஸும் கே. சுப்ரமணியமும், அங்கே உருது வழியிலும் ஆங்கில வழியிலும் படிக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார்கள். வீட்டிலேயே நடக்கும் ஜரிகை வேலை, தோல் பை வேலை ஆகியவற்றில் கைகொடுக்கும் பிள்ளைகள் அவர்கள். நீளம், பங்கு, இலாபம் பற்றி அவர்களுக்கு நிறையத் தெரிந்திருந்தது. அந்த அறிவுக்குப் பாடப்புத்தகத்தில் இடம் இல்லை. தாராவியை ஆம்பூர் என்றோ பேர்ணாம்பட்டு என்றோ மாற்றிப் படித்தாலும் பொருந்தும்.

இதற்குப் பரிகாரமாகச் சிலர், கணக்கில் ராமு என்றிருந்த இடத்தில் ரஹீம் என்று மாற்றி, மாம்பழத்துக்குப் பதில் பேரீச்சம்பழம் வைத்துவிடுகிறார்கள். அது போதாது. ரஹீம் ஏன் ஐந்து பேரீச்சம்பழம் வாங்கினான் என்று எந்தப் பிள்ளையும் கவலைப்படப் போவதில்லை. பிள்ளையின் வீட்டில் நிஜமாக எந்தக் கணக்கில் பணம் வருகிறது, எந்தக் கணக்கில் போகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

பீடிக் கட்டில் இரண்டரை சதவீதம்

நம் பெண்கள் பலர் பீடி சுற்றுகிறார்கள். 25 பீடி ஒரு கட்டு, கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில். அம்மாவுக்கு உதவியாகக் கட்டுகளை எண்ணும் சிறுமியிடம், "ஆயிரத்துக்கு எத்தனை கட்டு?" என்று கேளுங்கள். "நாலு கட்டு நூறு, அப்போ நாற்பது கட்டு" என்று உடனே வரும். அதே சிறுமியிடம் 1000 ÷ 25 என்று சிலேட்டில் எழுதிக் கொடுத்தால் பென்சிலைக் கடிப்பாள். அவள் வாயால் சொன்ன வழியை அப்படியே சிலேட்டில் எழுதிக் காட்டுவதுதான் ஆசிரியரின் வேலை. 4 × 25 = 100, 10 × 100 = 1000, ஆகவே 40. "நீ ஏற்கெனவே போட்ட கணக்கை எழுதும் முறை இது" என்று சொன்னால் பயம் பாதி போய்விடும்.

இங்கேயே சதவீதமும் வந்துவிடுகிறது. நாற்பது கட்டில் ஒரு கட்டு என்றால் ஆயிரத்தில் 25, நூற்றில் இரண்டரை. நாம் ஜகாத் கொடுக்கும் விகிதம் அதுதான். இரண்டரை சதவீதம் என்பதை 2.5/100 என்று புரியவைக்கப் படாத பாடு படுகிறோம். நாற்பது கட்டை வரிசையாக அடுக்கி ஒன்றைத் தனியே எடுத்துவைத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பிறகு அடுத்த கேள்வி. கணக்குப் பார்ப்பவர் "சரியில்லை" என்று ஆயிரத்துக்கு இரண்டு கட்டைக் கழித்தால் அது எத்தனை சதவீதம்? ஐந்து. அம்மாவின் கூலியில் இருபதில் ஒரு ரூபாய். அந்த எண்ணைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். அது பாடப்புத்தகக் கணக்கு போடும் முகம் அல்ல.

நம் முன்னோர் காலத்துத் திண்ணைப் பள்ளிகள் கணக்கை இப்படித்தான் பிழைப்போடு சேர்த்துச் சொல்லித்தந்தன. எண்சுவடியில் பிள்ளைகள் முந்திரி என்ற 1/320 வரைக்கும் பின்னங்களை வாய்ப்பாடாகப் பாடினார்கள். நெல்லிலக்கம் என்று முகத்தல் அளவைக்கே தனி வாய்ப்பாடு இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் திண்ணைகளில் பெண் பிள்ளைகளும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் உட்கார முடிந்ததில்லை. பழையதைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பொருள்களைக் கொண்டு கற்பிக்கிறார்கள். நல்ல தொடக்கம். பொருள்களோடு பிழைப்பையும் கொண்டுவரும் வேலை நம்முடையது.

தராசைத் திருப்பிப் போடுங்கள்

இப்போது எங்கும் மின்னணுத் தராசு. என்றாலும் இரு தட்டுத் தராசு பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஆசிரியர். தண்டின் ஒரு கை சற்று நீளமாக இருந்தால் தராசு பொய் சொல்லும். வெறும் தட்டுகள் நேராக நிற்கும்படி செய்துவிடலாம், ஆகவே கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரே வழி, பொருளையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வைப்பது. இரு முறையும் ஒரே எடை வந்தால் தராசு சரி.

வேறு வேறு எடை வந்தால்? ஒரு மூட்டை புளி ஒரு தட்டில் 8 கிலோ, மாற்றி வைத்தால் பன்னிரண்டரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை எடை என்ன? "கூட்டிப் பாதியாக்கு" என்று பெரியவர்களே சொல்வார்கள். 10 கிலோ 250 கிராம் வரும். அது தவறு. இரண்டையும் பெருக்கவேண்டும்: 8 × 12.5 = 100. அதன் வர்க்கமூலம் 10. உண்மை எடை 10 கிலோதான். கை நீளத்தால் எடை ஒரு தட்டில் எத்தனை மடங்கு குறைகிறதோ, மறு தட்டில் அத்தனை மடங்கு கூடுகிறது. கூட்டல் அல்ல, பெருக்கல் நடக்கிறது. அதனால்தான் விடையும் பெருக்கலில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வர்க்கமூலம் எதற்கு என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. மெர்வ் நகரில் வாழ்ந்த அல்-காஸினி, ஹிஜ்ரி 515-ல், அதாவது 1121-22-ல், மீஸானுல் ஹிக்மா என்று தராசைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்.

மின்னணுத் தராசிலும் பார்க்கவேண்டியவை உண்டு. ஆண்டுக்கொரு முறை எடையளவு முத்திரை வாங்கவேண்டும் என்பது சட்டம். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை அதைக் கவனிக்கிறது. தட்டில் எதுவும் இல்லாதபோது பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு சாக்குக் கழிவு. மூட்டைக்கு 2 கிலோ கழிக்கிறார்கள் என்றால், காலிச் சாக்கைத் தனியே நிறுத்துப் பார்ப்பதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். சாக்கு ஒரு கிலோ இருந்தால் 20 மூட்டையில் 20 கிலோ யாருடையது? கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து போட்டால், அந்தப் பிள்ளைகள் வேறு எங்கும் அதைக் கற்கவேண்டியதில்லை. 2006-ன் வன உரிமைச் சட்டம் புளி, தேன், கடுக்காய் போன்ற சிறு வனப் பொருள்களின் மீது பழங்குடி மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. அது கைக்கு வந்து சேரும் இடம் தராசுத் தட்டு.

அல்ஜீப்ரா வரை போகவேண்டும்

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவது என்றால் அங்கேயே நிறுத்திவிடுவது அல்ல. "இவனுக்குக் கடைக் கணக்குப் போதும்" என்று சொல்வது அவனை ஏமாற்றும் இன்னொரு வழி. அமெரிக்காவில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்காக 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தில் போராடிய பாப் மோசஸ், பின்னர் 1982-ல் அல்ஜீப்ரா திட்டம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அல்ஜீப்ரா தெரியாத பிள்ளைக்கு மேற்படிப்பின் கதவு அடைக்கப்படுகிறது, ஆகவே அதுவும் வாக்குரிமை போன்ற உரிமைதான் என்பது அவர் நிலை.

அந்தச் சொல்லே நம்மிடமிருந்து போனது. பக்தாதில் கலீஃபா மஅமூன் காலத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள அல்-ஜப்ர்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. அந்த நூலில் கணிசமான பகுதி வாரிசுரிமைக் கணக்குகள். ஒருவர் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டு இறக்கிறார், 32 சென்ட் நிலம் இருக்கிறது, கடனோ வஸிய்யத்தோ இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 சென்ட். மீதி 28. மகளின் பங்கு க என்றால் மகனுக்கு 2க. 2க + க + க = 28, ஆகவே க = 7. ஆளுக்கு 7 சென்ட் மகள்களுக்கு, 14 மகனுக்கு. எட்டாம் வகுப்புச் சமன்பாடு இது. "சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, இனி என்ன பங்கு?" என்று சொல்லப்படும் வீடுகளில், அந்த ஏழு சென்ட்டைத் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த மகள் அதை மறக்கமாட்டாள். அதற்காகவே இந்தக் கணக்கைப் பெண் பிள்ளைகளிடம் முதலில் கொடுக்கச் சொல்வேன்.

மலையைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் 1988-ல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. அந்த மலையில் பிறந்த பிள்ளைகளையும் நம் பிள்ளைகளையும் ஒரு நாள் ஒன்றாக அங்கே அழைத்துப்போய்க் காட்டவேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

இந்த மாதம் ஒரு கணக்கு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து போடவும். தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500 பிடித்து, கையில் 8,500 தருகிறார். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்கிறார்.

புளியங்கொட்டைகளை வைத்துப் போடுங்கள். ஒரு கொட்டை 100 ரூபாய் என்றால் கையில் வந்தது 85 கொட்டை. நாள்தோறும் ஒன்று திரும்பிப் போகிறது. முதல் நாள் 85 கொட்டையும் உங்களிடம் இருந்தது, கடைசியில் ஒன்றும் இல்லை. ஆக, 100 நாளும் சராசரியாக உங்களிடம் இருந்தது அதில் பாதி, ஏறக்குறைய 4,250 ரூபாய்தான். அதற்கு நீங்கள் கொடுத்த வட்டி 1,500. நூறு நாளுக்கே நூற்றுக்கு 35 ஆகிறது. 365 நாளுக்கு எவ்வளவு என்று பிள்ளையைக் கேளுங்கள். விடை 125-க்கு மேல் வரவேண்டும். வந்த விடையைத் தாளில் எழுதி, தண்டல் சீட்டு வைக்கும் இடத்திலேயே ஒட்டிவையுங்கள். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்க வருபவர்கள், அந்தத் தாளையும் கூடவே கொண்டு வரலாம்.